மஜ்னூனும் மலைநாட்டுத் தலைவனும்

திருக்கோவிலூர் கீழையூரில், தென்பெண்ணையாற்றுக்குள் நிற்கும் ஒற்றைப் பாறைதான் கபிலர் குன்று. உச்சியில் சிறு கோயில். வள்ளல் பாரியின் மகளை மணம் செய்து கொடுக்கும் பொறுப்பை முடித்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்கிறது அருகிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டு.

காதலை வெளியூராருக்குக் கற்றுக்கொடுத்த புலவர் அவர். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியதே குறிஞ்சிப்பாட்டு என்று பழங்குறிப்பு சொல்கிறது. அதனால்தான் உலகக் காதல் காவியங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாறை நினைவுக்கு வருகிறது.

பாரசீகக் கவி நிஜாமி 1188இல் ‘லைலா மஜ்னூன்’ எழுதினார். லைலாவை மணமுடித்துத் தர மறுக்கிறார்கள். காதலன் பித்தனாகிப் பாலைவனத்தில் விலங்குகளோடு வாழ்கிறான். இத்தகைய காதலுக்கு விளக்கம் தேடிய சுவிட்சர்லாந்துச் சிந்தனையாளர் டெனி டி ரூஜ்மோன், 1939இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கடுமையான முடிவுக்கு வந்தார்: பெருங்காதல் தடையைத் தின்றே வளர்கிறது, உள்ளூர அது சாவையே நாடுகிறது. மஜ்னூனுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கடைசியில் லைலாவைவிட அவளுடைய பிரிவுதான் அவனுக்கு நெருக்கமாகிவிடுகிறது.

குறிஞ்சிப்பாட்டில் இதே அளவுகோல் முறிந்துபோகிறது. அங்கும் தடை உண்டு. கட்டுக்காவல், குரைக்கும் நாய், விழித்துக்கொள்ளும் தாய், வெளிப்படும் நிலவு எல்லாம் உண்டு. ஆனால் தலைவியைக் காணாமல் திரும்பும் இரவிலும் தலைவன் சினங்கொள்வதில்லை. தலைவி அழுவதும் தன் ஏக்கத்துக்காக மட்டுமல்ல; அவன் வரும் வழியில் புலியும் பாம்பும் முதலையும் இருக்கின்றனவே என்று. தடை இங்கே காதலுக்குத் தீனி போடவில்லை, கவலையைத்தான் தருகிறது.

அவன் கொடுக்கும் வாக்கைப் பாருங்கள். மலையுறை கடவுளை வாழ்த்தி, அருவி நீரைக் குடித்துச் சூளுரைக்கிறான். வாசல் திறந்து விருந்தினரை உண்பித்து, மிச்சத்தை உன்னோடு உண்பதே எனக்கு உயர்வு என்கிறான். உலகக் காதல் இலக்கியத்தில் இதற்கு ஈடான உறுதிமொழியை நான் படித்ததில்லை. ஊரையும் உறவையும் மஜ்னூன் உதறினான். இவனுடைய காதலோ ஊருக்கே சோறு போட விரும்புகிறது.

தொல்காப்பியர் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாததைப் பெருந்திணை என்றும் ஒதுக்கி, அன்பின் ஐந்திணையை நடுவில் வைத்தார். பாரசீகமும் ஐரோப்பாவும் மையத்தில் வைத்துப் போற்றிய பித்து, நம் இலக்கணத்தில் ஓரத்துக்குப் போனது. அதற்காக நிஜாமியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மனிதனைக் கடந்து இறைவனைத் தேடும் வேட்கையாகவும் சூஃபிகள் அந்தப் பித்தைப் படித்தார்கள். ஒரு மண்ணின் தத்துவம் எல்லாக் காதலையும் அளந்துவிடும் என்று நம்புவதுதான் பிழை.

கபிலர் பாடிய மலை, அவர் குன்று நிற்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்தான் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனாலும் வெள்ளிமலைப் பக்கம் தினையும் சாமையும் விளைந்த கொல்லைகளையும், மேகம் அருவியையும் அறிந்தவருக்குக் குறிஞ்சிப்பாட்டின் புனங்காவலும் சுனையாடலும் தனியே விளக்க வேண்டியவை அல்ல. 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கல்லூரிகள், ஆண்டுக்கு ஒரு நாளாவது குறிஞ்சிப்பாட்டை முழுதாக வாசித்துப் பேச வேண்டும். மொத்தம் 261 அடிகள். ஒரு பிற்பகல் போதும்.