புகையைக் கண்டதும் அலறும் பெட்டி! மாட்டப் படித்தால் வேலை உண்டு

ராஜகீழ்ப்பாக்கம்,–

காலை 7 மணி. தாம்பரம்–வேளச்சேரி ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் நிறுத்தம். கையில் டிபன் டப்பா, தோளில் பை. பைக்குள் டெஸ்டர், கட்டிங் பிளையர், மல்டிமீட்டர். இப்படி நிற்கும் பையன்களைப் பார்த்தால், "கரண்ட் வேலைக்குப் போகிறான்" என்று நினைக்கத் தோன்றும்.

பாதி சரி. சோழிங்கநல்லூர் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்களில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் சின்னத் தட்டைக் கவிழ்த்தது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கும். அதுதான் ஸ்மோக் டிடெக்டர். புகையை மோப்பம் பிடித்துச் சொல்லும் கருவி. அதை மாட்டுவதும், ஒயர் இழுப்பதும், வருஷா வருஷம் பார்த்து சரி செய்வதும் இன்று தனித் தொழிலாகவே ஆகிவிட்டது.

இந்தத் தொழிலை எங்கே படிப்பது? பிள்ளையைப் பத்தாவது முடிக்க வைத்துவிட்டு முழிக்கிற அப்பாக்களுக்கு அதுதான் கேள்வி.

தாம்பரத்தில் இருப்பது வேறு!

"தாம்பரத்திலேயே தீயணைப்புத் துறையின் பயிற்சி மையம் இருக்கிறதே. அங்கே சேர்த்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சேர்க்க முடியாது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் மூலம் அரசு வேலைக்குத் தேர்வானவர்களுக்குத்தான் அங்கே பயிற்சி. ஏணி ஏறுவது, தண்ணீர் பீய்ச்சுவது, ஆளை மீட்பது எல்லாம் அவர்கள் வேலை. நாகபுரியில் மத்திய அரசின் தேசிய தீயணைப்புக் கல்லூரி 1950-களில் இருந்தே நடக்கிறது. அதுவும் முக்கியமாக தீயணைப்பு அதிகாரிகளையும் என்ஜினீயர்களையும் உருவாக்கத்தான்.

தீ வந்த பிறகு ஓடி வருகிறவர் ஒரு வகை. தீ வருகிறது என்று முன்கூட்டியே ஊளையிட வைக்கிறவர் இன்னொரு வகை. இரண்டாவது ஆளுக்கு நுழைவாசல் சாதாரண ஐ.டி.ஐ.தான்!

எலக்ட்ரீஷியன் பிரிவு. பத்தாவது தேறியிருக்க வேண்டும். 2 வருஷப் படிப்பு. கிண்டியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பிரிவு படித்தவர்களும் வருகிறார்கள். பாலிடெக்னிக்கில் 3 வருஷ டிப்ளமா முடித்தவர்களுக்கு வரைபடம் போடும் வேலை, மேற்பார்வை வேலை சீக்கிரம் கிடைக்கும்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்ரண்டிஸாகச் சேரலாம். அதற்கு 1961-ல் வந்த சட்டமே இருக்கிறது. உதவித்தொகை தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. படிப்பே இல்லாமல் கையால் வேலை கற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒயரிங் வேலையில் வருஷக்கணக்கில் அனுபவம் இருந்தால், தமிழக அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. தீ அலாரம் வேலைக்கென்றே அங்கே நைசெட் என்ற அமைப்பு 4 நிலைகளில் தேர்வு வைத்து சர்ட்டிபிகேட் தருகிறது. பல ஊர்களில் அது கையில் இல்லாதவரைச் சேர்ப்பதில்லை. நம் ஊரில் அப்படி எல்லோரும் எழுதியாக வேண்டிய ஒரே தேர்வு என்று எதுவும் இல்லை. அதனால்தான், "ஆறே மாதத்தில் சர்ட்டிபிகேட், உடனே துபாய்!" என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பாடு கொண்டாட்டம். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள். "வகுப்பில் பேனல் பெட்டி இருக்கிறதா? பையன் கையால் ஒயர் கட்டி அலற வைப்பானா?" என்று. கரும்பலகையை மட்டும் காட்டினால் திரும்பி வந்துவிடலாம்.

சிகரெட் செய்த உபகாரம்!

இந்தக் கருவி பிறந்த கதை வேடிக்கை. 1930-களில் சுவிட்சர்லாந்தில் வால்டர் ஜேகர் என்ற விஞ்ஞானி, விஷ வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்யப் பார்த்தார். விஷ வாயுவை விட்டால் மீட்டர் முள் அசையவே இல்லை. அலுத்துப்போய் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். முள் நகர்ந்தது! வாயுவுக்கு மசியாத கருவி புகைக்கு மசிந்தது. ஸ்மோக் டிடெக்டருக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

இப்போது அதிகம் மாட்டப்படுவது வேறு ரகம். உள்ளே இருட்டு அறை, அதில் ஒரு சின்ன விளக்கு. புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறி, பக்கத்தில் இருக்கும் கண்ணில் படும். உடனே பேனலுக்குத் தகவல் போகும்.

புகைக்கு ஒரு டிடெக்டர் என்றால் சூட்டுக்கு ஒன்று. ஓட்டல் சமையல்கட்டில் புகை டிடெக்டரை மாட்டினால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கட்டிடமே அலறும். அங்கே சூடு கண்டால் வேலை செய்கிற ஹீட் டிடெக்டர்தான் மாட்ட வேண்டும். எது எங்கே, எத்தனை தூரத்துக்கு ஒன்று என்பதையெல்லாம் ஐ.எஸ். 2189 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. ஆள் தூங்கும் இடமானால் தலைமாட்டில் 75 டெசிபல் சத்தம் கேட்க வேண்டும். அந்தப் புத்தகத்தைப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் தெரியும்.

கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர்

தொழிலின் சூட்சுமம் முழுவதும் ஒயரின் கடைசி முனையில் இருக்கிறது. சாதாரண ரகப் பேனலில், வரிசையாக டிடெக்டர்களை இணைத்துக்கொண்டே போய் கடைசி டிடெக்டரில் ஒரு ரெசிஸ்டரைப் போடுவார்கள். பட்டாணி அளவுதான் இருக்கும். எந்நேரமும் அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓடும். ஓடினால் "லைன் நல்லா இருக்கு" என்று பேனலுக்கு அர்த்தம். எலி கடித்து ஒயர் அறுந்தால் கரண்ட் நிற்கும், மஞ்சள் விளக்கு எரியும். புகை வந்தால் கரண்ட் கூடும், சிவப்பு விளக்கு எரிந்து ஹூட்டர் ஊளையிடும்.

புதுப் பையன் இங்கேதான் கோட்டை விடுவான்.

"அண்ணே, நடுவுல இருந்து ஒரு ஒயர் பிரிச்சு அந்த ரூமுக்குக் கொடுத்துட்டேன். சுலபமா முடிஞ்சுது."

"அடப்பாவி! அந்தக் கிளை அறுந்தா பேனலுக்கு எப்படிடா தெரியும்? மெயின் லைன்ல கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும். பேனல் பச்சை காட்டும். உள்ள ரூம் எரியும். பிரிச்சுட்டு மறுபடி போடு!"

எந்த சைட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. கிளை பிரித்தால் அரை மணி நேரம் மிச்சம். வெளியே இருந்து பார்த்தால் தப்பு தெரியாது. முதலாளிக்கும் தெரியாது, சர்ட்டிபிகேட் கேட்கிறவருக்கும் தெரியாது. தீப்பிடிக்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

பெரிய கட்டிடங்களில் ஒவ்வொரு டிடெக்டருக்கும் ஒரு நம்பர் கொடுக்கும் முறை வந்துவிட்டது. "4-வது மாடி, கேன்டீன்" என்று பேனலே எழுத்தில் சொல்லும். அதில் இரண்டு டிடெக்டருக்கு ஒரே நம்பர் கொடுத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தேடி அலையாத ஆள் இந்தத் தொழிலில் அபூர்வம்.

புகைதான் கொல்லும்

2011 டிசம்பர் 9. கொல்கத்தாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. விடியாத நேரம். அடித்தளத்தில் பிடித்த தீ. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் நோயாளிகள். நெருப்பு அவர்களைத் தொடவே இல்லை. படுக்கையில் இருந்தபடியே புகையில் மூச்சு முட்டிப் போனார்கள்.

சென்னைக்கும் இது புதிதல்ல. மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தில் 1975-ல் தீ. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. தி.நகரில் 2017 மே 31 அதிகாலை ஏழு மாடி ஜவுளிக்கடையில் பிடித்த தீ, ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. பிறகு கட்டிடத்தையே இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று.

இப்போது தமிழ்நாட்டு கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது அடுக்குமாடி உயரக் கட்டிடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். மேடவாக்கம், பள்ளிக்கரணை, பழைய மாமல்லபுரம் ரோடு என்று எங்கே பார்த்தாலும் கட்டிடம் எழும்புகிறது. மாட்டியதோடு வேலை முடிவதும் இல்லை. டிடெக்டருக்குள் தூசி சேரும். பாட்டரி சாகும். அடிக்கடி சும்மா கத்துகிறது என்று வாட்ச்மேன் ஹூட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுவார்! பராமரிப்புக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஹெல்ப்பராக இருக்கும் ஆரம்ப வருஷங்களில் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. நாள் முழுக்க ஏணி மேல் அண்ணாந்து நின்று கழுத்து இறுகிப் போகும். கடை அடைத்த பிறகுதான் வேலை செய்ய விடுவார்கள் என்பதால் பல ராத்திரிகள் தூக்கம் கிடையாது. தாக்குப் பிடித்தவன் டெக்னீஷியன் ஆகிறான். பேனலில் புரோகிராம் போடக் கற்றவன் கமிஷனிங் ஆள். வளைகுடா நாடுகளில் கேட்பதும் அவனைத்தான்.

கடைசி நாள் சோதனை

டிடெக்டர் கடையில் இருந்து வரும்போது சிமெண்ட் தூசி உள்ளே போகாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு வரும். மாட்டி முடித்து, பெயிண்ட் வேலையும் ஓய்ந்த பிறகு அதைக் கழற்ற வேண்டும். மறந்தால் எவ்வளவு புகை வந்தாலும் அது வாய் திறக்காது.

அதனால் விவரம் தெரிந்த மேஸ்திரி கட்டிடத்தை ஒப்படைக்கிற அன்று ஒரு கோணிப்பை எடுத்து வரச் சொல்வார். மாடி மாடியாகப் பையன் மூடிகளைக் கழற்றிப் போடுவான். வரைபடத்தில் 212 டிடெக்டர் என்றால் தரையில் கொட்டி 212 மூடி எண்ணுவார்கள். 211 இருந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு முதல் மாடியில் இருந்து மறுபடியும்!