இறக்கத்தில் வளைவு: பிரேக் பிடிக்க வேண்டிய இடம் எது? பைக் ஓட்டிகள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் இருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளுக்கு இருசக்கர வாகனத்தில் செல்வோர், ஆந்திராவின் வி.கோட்டா வழியாக வந்து பத்தலப்பல்லி மலைப்பாதையில் இறங்குகின்றனர். ஏறும்போது பெரிய சிரமம் தராத வளைவுகள், இறங்கும்போதுதான் ஓட்டுநரின் திறனைச் சோதிக்கின்றன.

தங்கச் சுரங்கங்களில் பணியாற்ற அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இங்கு குடியேறின. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும், சொந்த ஊர்களுடனான உறவு அறுபடவில்லை. திருமணம், திருவிழா, துக்கம் என எதற்கும் குடும்பத்துடன் பைக்கில் புறப்படுவோர் உண்டு. கடல் மட்டத்தில் இருந்து 800 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள பீடபூமியில் இருந்து அடிவாரத்துக்கு இறங்கும் அந்தச் சில கிலோமீட்டர்களே பயணத்தின் கடினமான பகுதி.

வேகம் கூடினால் என்ன ஆகும்?

வளைவில் திரும்பும் பைக் உள்பக்கம் சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 20 மீட்டர் ஆரம் கொண்ட வளைவை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க சுமார் 20 டிகிரி சாய்வு போதும். அதே வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 32 டிகிரியும், 50 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 45 டிகிரியும் தேவைப்படும். சாதாரண பைக், தேய்ந்த டயர், பின்னிருக்கையில் ஒருவர் என்ற நிலையில் 45 டிகிரி சாய்வு ஏறக்குறைய இயலாத செயல். வேகத்தில் 20 கிலோமீட்டர் வித்தியாசம், பாதுகாப்பான திருப்பத்தை விபத்தாக மாற்றிவிடும்.

இறக்கத்தில் புவியீர்ப்பு விசையும் வாகனத்தை முன்னோக்கி இழுப்பதால், நிறுத்தும் தூரம் கூடுகிறது. மேலும், எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு மாறுவதால் பின்சக்கரம் இலகுவாகிறது. அந்நிலையில் பின் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பைக் பக்கவாட்டில் வழுக்கும். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் முன் டயர் பிடிப்பை இழக்கும்.

வளைவுக்கு முன்பே முடிய வேண்டிய வேலை

எனவே, வேகத்தைக் குறைக்கும் பணி வளைவுக்குள் நுழையும் முன்பே, பைக் நிமிர்ந்து நேராகச் செல்லும்போதே முடிந்துவிட வேண்டும். முன், பின் பிரேக்குகளை ஒருசேர, படிப்படியாக அழுத்துவதே சரியான முறை. அதே நேரத்தில் கியரையும் குறைத்துவிட வேண்டும். இரண்டாவது கியரில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் பிரேக்குகளின் சுமை குறையும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவதும், கிளட்ச்சைப் பிடித்தபடியே இறங்குவதும் இந்தக் கட்டுப்பாட்டை முற்றிலும் இழக்கச் செய்யும்.

வளைவுக்குள் நுழைந்த பின் ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு திறந்து, வேகத்தைச் சீராக வைத்திருந்தால் முன்சக்கரத்தின் மீதான அழுத்தம் தணியும். பார்வை, எதிரில் தெரியும் பள்ளத்தின் மீதோ தடுப்புச் சுவரின் மீதோ அல்லாமல், வளைவு முடியும் திசையில் இருக்க வேண்டும். கண் பார்க்கும் இடத்துக்கே கை வாகனத்தைக் கொண்டு செல்லும்.

இடதும் வலதும் ஒன்றல்ல

இடதுபுறம் திரும்பும் வளைவில் வேகம் அதிகமானால், பைக் வெளிப்பக்கம் விலகி எதிரே வரும் வாகனத்தின் பாதையில் புகுந்துவிடும். வலதுபுற வளைவில் சக்கரம் நடுக்கோட்டுக்குள் இருந்தாலும், சாயும்போது ஓட்டுநரின் தலையும் தோளும் கோட்டைத் தாண்டக்கூடும். எதிரில் லாரி வந்தால் ஆபத்து. ஆகவே வலது வளைவில் தன் பாதையின் இடப்பக்கத்தை ஒட்டியே சென்று, வளைவின் மறுமுனை கண்ணுக்குத் தெரிந்த பிறகே உள்பக்கம் நெருங்க வேண்டும். ஆனால், ஓரத்தில் சேரும் மணலையும் சரளைக் கற்களையும் தவிர்ப்பது அவசியம்.

ஸ்கூட்டர் ஓட்டிகள் கவனத்துக்கு

கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் தரும் கட்டுப்பாடு குறைவு. வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் தானாகவே விலகிவிடுவதால், அந்தச் சிறு உதவியும் கிடைக்காது. பிரேக்கை இடைவிடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி வலுவிழக்கும். பிடித்து விட்டு, மீண்டும் பிடிப்பதே நல்லது. பிரேக் பிடிப்பு தளர்வதாகத் தோன்றினால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். எக்காரணத்துக்காகவும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கக் கூடாது.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நேராகச் செல்லும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும். எனினும், தாங்க முடியாத வேகத்தில் வளைவுக்குள் நுழைந்த பைக்கைச் சாலையில் நிலைநிறுத்த அதனால் இயலாது.

விதிகள் சொல்வது என்ன?

வளைவிலும் மலைமுகட்டிலும் முந்திச் செல்வதைச் சாலை விதிகள் தடை செய்கின்றன. குறுகலான மலைப்பாதையில் ஏறிவரும் வாகனத்துக்கு, இறங்கும் வாகனமே ஒதுங்கி வழிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவின்படி பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

பின்னிருப்பவர் வளைவில் எதிர்ப்பக்கம் சாயாமல், ஓட்டுநருடன் சேர்ந்து சாய வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இருவர் எடைக்கு ஏற்ப டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதும் அவசியம். புதிதாக ஓட்டுபவர்கள் இந்த முறைகளை முதலில் தனியாக, பகல் வெளிச்சத்தில், ஈரமற்ற சாலையில் பழகிய பிறகே குடும்பத்துடன் மலை இறங்குவது பாதுகாப்பானது.