தராசு இல்லாமல் ஒரு சிறுகோளை நிறுப்போமா?

1866ஆம் ஆண்டு மே 16ஆம் நாள். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலார் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். வானத்தைப் புகைப்படம் எடுத்துச் சிறுகோள்களைத் தேடும் முறை அன்று இல்லை. விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறிமாறி ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று இரவுக்கு இரவு இடம் மாறினால், அது விண்மீன் அன்று. சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் எனலாம். இவ்வாறு சென்னையிலிருந்து போக்சன் கண்டறிந்த சிறுகோள்கள் ஐந்து. அவற்றுள் மூன்றாவதாகிய இதற்குச் 'சில்வியா' என்று பெயர். வரிசை எண் 87.

தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒரு பொருள் எவ்வளவு கனமானது? அதன் உள்ளே என்ன இருக்கிறது? உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள இரண்டு விதிகளைக் கொண்டே இதற்கு விடை காணலாம், வாருங்கள்.

பாதையும் உருவமும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் மண்டலத்தின் வெளி ஓரத்தில் சில்வியா சுற்றுகிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு சுமார் 52 கோடி கி.மீ. இது பூமியின் தொலைவைப்போல் மூன்றரை மடங்கு. ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஆறரை ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் தன்னைத்தானே ஐந்தேகால் மணிக்குள் சுற்றிக்கொள்கிறது! நிறமோ கரியைப்போன்ற கருமை.

அளவை எப்படி அறிந்தனர்? சிறுகோள் ஒரு விண்மீனுக்கு முன்னே கடக்கும்போது விண்மீன் சில விநாடிகள் மறையும். மறைந்த நேரத்தைச் சிறுகோளின் வேகத்தால் பெருக்கினால் அதன் அகலம் கிடைக்கும். 2013 ஜனவரியில் ஐரோப்பாவில் பல இடங்களிலிருந்து இவ்வாறு அளந்தனர். சில்வியா உருண்டையானதன்று, உருளைக்கிழங்கைப்போல் நீண்டது. சராசரிக் குறுக்களவு சுமார் 270 கி.மீ. ஆகவே அதன் கன அளவு ஏறத்தாழ ஒரு கோடி கன கி.மீ.

இரண்டு நிலாக்கள்

அளவு தெரிந்தது, நிறை? சூரியனைச் சுற்றும் பாதையைக் கொண்டு இதனை அறிய முடியாது. ஏனெனில் சுற்றும் பொருளின் நிறை சமன்பாட்டின் இருபுறமும் வந்து அடிபட்டுப்போகும். சில்வியாவை நிறுக்க வேண்டுமானால், அதனை ஏதேனும் ஒரு பொருள் சுற்றவேண்டும்.

அப்படி ஒன்று 2001இல் அகப்பட்டது. ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கி சில்வியாவுக்கு அருகே ஒரு சிறு நிலாவைக் காட்டியது. 2004இல் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று மற்றொரு நிலாவையும் காட்டிற்று. இரண்டு நிலாக்கள் உடையதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் இதுவே. ரோமானியப் புராணத்தில் ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ். அப்பெயர்களே நிலாக்களுக்கும் சூட்டப்பட்டன.

கணக்கிடுவோம்

ரோமுலஸ் 1,360 கி.மீ. தொலைவில், 3.65 நாளுக்கு ஒருமுறை, அநேகமாக வட்டப்பாதையில் சுற்றுகிறது. 3.65 நாள் என்பது சுமார் 3,15,000 விநாடி. வட்டத்தின் சுற்றளவை இந்நேரத்தால் வகுத்தால், வேகம் விநாடிக்கு 27 மீட்டர் என வரும். ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலின் வேகந்தான்!

வட்டப்பாதையில் செல்ல வேண்டிய மையநோக்கு விசையைச் சில்வியாவின் ஈர்ப்பு விசை தருகிறது. இரண்டையும் சமப்படுத்தினால்,

நிறை = (வேகம் × வேகம் × தொலைவு) ÷ ஈர்ப்பு மாறிலி

= (27 × 27 × 13,60,000) ÷ (6.67 × 10⁻¹¹)

= சுமார் 1.5 × 10¹⁹ கிலோகிராம்.

இது நமது நிலவின் நிறையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

உள்ளே என்ன?

இனி, நிறையைக் கன அளவால் வகுப்போம். அடர்த்தி, தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என வருகிறது. நுட்பமான அளவீடுகள் 1.4க்குச் சற்று முன்பின்னாகக் கூறுகின்றன. ஆனால் கருங்கல்லின் அடர்த்தி சுமார் 2.7 அல்லவா? அப்படியானால் சில்வியா ஒரே பாறையாக இருக்க முடியாது.

வீடு கட்டும் இடத்தில் கிடக்கும் ஜல்லியை ஒரு வாளி நிறைய அள்ளுங்கள். பிறகு அதில் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைந்த வாளியிலும் தண்ணீர் இறங்கும்! கற்களுக்கிடையே அவ்வளவு வெற்றிடம். சில்வியாவின் உள்ளும் இத்தகைய இடைவெளிகள் உள்ளன, பனிக்கட்டியும் கலந்திருக்கக்கூடும். முன்னொரு காலத்தில் பெரிய மோதல் ஒன்றில் சிதறிய துண்டுகள் தம் ஈர்ப்பினால் மீண்டும் சேர்ந்து சில்வியா ஆயின என்றும், எஞ்சியவற்றிலிருந்து நிலாக்கள் தோன்றின என்றும் அறிஞர் கருதுகின்றனர்.

போக்சன் கண்டது ஒரு புள்ளியை மட்டுமே. அதன் உள்ளே வெற்றிடம் இருப்பதை அறிய நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆனால் அதற்கு உதவிய விதி நியூட்டன் காலத்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: ரீமஸின் தொலைவு 706 கி.மீ.; சுற்றும் காலம் 1.38 நாள். இதிலிருந்து சில்வியாவின் நிறையைக் கண்டுபிடியுங்கள். ரோமுலஸ் சொன்ன விடையையே தம்பியும் சொல்கிறானா, பாருங்கள்!