வழியோரக் கற்களின் மொழி

நெடுஞ்சாலையின் மருங்கே நடப்பட்டுள்ள கற்களையும், சிறுபாலங்களின் கைப்பிடிச் சுவர்களில் தீட்டப்பட்டுள்ள எண்களையும் நாடோறும் காண்கின்றோம். ஆயினும், அவை யாது கூறுகின்றன என நின்று நோக்குவார் மிகச் சிலரே. யானும் சென்ற ஆண்டுவரை அவ்வாறே இருந்தேன். ஓரிரவு, அச்சிறுபாக்கத்துக்கு அப்பால் எம் உறவினர் இருவர் இருசக்கர வண்டியினின்று வீழ்ந்துவிட்டனர். அவருள் ஒருவர் 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "எவ்விடத்தில் இருக்கின்றீர்கள்?" என்று அங்குள்ளோர் வினவ, "புளியமரம் ஒன்று நிற்கிறது, ஒரே இருளாயிருக்கிறது" என்பதன்றி அவருக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி, விளக்கொளியில் ஒரு கல்லைப் பார்த்து, சாலையின் எண்ணையும் கிலோமீட்டரையும் கூறினார். நோயாளர் ஊர்தியும் விரைவில் வந்து சேர்ந்தது. பள்ளிப்படிப்பை இடையில் விட்ட அவர் வாசித்ததனைப் பட்டம் பெற்ற எம் உறவினர் வாசிக்க அறியாதிருந்தனர். அக்கல்லின் மொழியைக் கற்றல் வேண்டும் என்னும் எண்ணம் எனக்கு அன்றுதான் பிறந்தது.

முதலிற் கண்ணிற்படுவது நிறம். கல்லின் உடல் வெண்மை. அதன் தலைப்பகுதி மஞ்சளாயின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. நீலமோ கருமையோ பூசப்பெற்றிருப்பின், பெரும்பாலும் மாவட்டச் சாலை என்று கொள்ளலாம். எழுத்தறியாதவரும் நிறமறிவர் அன்றோ? இவ்வுபாயம் நம் நாட்டிற்குப் புதியதன்று. தருமபுரிப் பக்கத்தில், 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அதியமான் பெருவழிக் கல்லொன்று கண்டெடுக்கப்பட்டது. நாவற்றாவளம் என்னும் இடத்துக்கு இருபத்தொன்பது காதம் என்பது அதன் செய்தி. அத்தொகையை எழுத்தாற் பொறித்ததோடு அமையாது, இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் அக்கல்லிற் குடைந்துள்ளனர். பெருங்குழி ஒவ்வொன்றும் பத்து; சிறுகுழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுத்து வாசனையில்லாத வணிகனும் இருளில் விரலால் தடவித் தன் தொலைவை அறியலாம். எழுநூறு ஆண்டுகட்கு முன் வழிப்போக்கன்பால் இத்துணை இரக்கம் காட்டிய அக்கற்றச்சனை நினையுந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது.

நிறத்தை அடுத்து எழுத்து. 'தே.நெ.' என்பது தேசிய நெடுஞ்சாலை, 'மா.நெ.' என்பது மாநில நெடுஞ்சாலை. மாவட்டச் சாலைகளுள் முக்கியமானவை, இதரமானவை என இருவகை உண்டு. இவற்றை ஆங்கில முதலெழுத்துகளால் எம்.டி.ஆர். என்றும் ஓ.டி.ஆர். என்றும் வழங்குவர். இங்ஙனம் எழுத்துகள் சாலையின் குலத்தைச் சொல்ல, அருகிலுள்ள எண் அதன் பெயரைச் சொல்லுகின்றது.

அவ்வெண்ணில்தான் நம்மவர் பெரிதும் மயங்குகின்றனர். தாம்பரத்தை ஊடறுத்துச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை எடுத்துக்கொள்வோம். 'கிராண்டு சதர்ன் டிரங்க்' என்னும் ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளே அவை. தெற்கு நோக்கிய பெருவழி என்பது பொருள். வடக்கே சென்றது ஜி.என்.டி., மேற்கே சென்றது ஜி.டபிள்யூ.டி. எனச் சென்னையினின்று முப்பெருவழிகள் பிரிந்தன. பிற்காலத்தில் இவற்றுக்கு முறையே 45, 5, 4 என்னும் தேசிய நெடுஞ்சாலை எண்கள் வழங்கலாயின. 2010-ஆம் ஆண்டில் இந்திய அரசு எண்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி மாற்றியமைத்தபோது, தாம்பரத்துச் சாலை 32 ஆயிற்று. வடக்குச் சாலை 16 ஆகவும் மேற்குச் சாலை 48 ஆகவும் மாறின. நாம் இழந்த 45 என்னும் எண், இன்று மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியே செல்லும் சாலைக்குரியது! ஆதலின், பழைய கல்லொன்றில் 45 எனக் கண்டு அதனையே ஒருவன் இன்று கூறுவானாயின், கேட்போர் மயங்குதற்கு இடமுண்டு. எண் மாறினும், ஜி.எஸ்.டி. என்னும் மூன்றெழுத்து மட்டும் பேருந்து நடத்துநர் நாவிலும் கடைப்பலகைகளிலும் அழியாது நிற்கின்றது. இதன் விரிவை அறிந்தோர் நம் வகுப்பில் எத்தனை பேர் என்று வினவியபோது, ஒருவரும் கையுயர்த்திலர்.

புதிய எண்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. வடக்கு தெற்காகச் செல்லும் பெருஞ்சாலைகட்கு இரட்டைப்படை எண். அது கிழக்கினின்று மேற்கே போகப் போகப் பெருகும். கீழ்க்கரையை அடுத்துத் தூத்துக்குடிவரை செல்வது 32. வேலூரினின்று விழுப்புரம், திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாக அதே தூத்துக்குடியை அடைவது 38. காசுமீரத்தினின்று கன்னியாகுமரிக்கு வருவது 44. மேல்கடற்கரையைத் தழுவிச் செல்வது 66. கிழக்கு மேற்காகச் செல்வனவற்றுக்கு ஒற்றைப்படை எண். அது வடக்கினின்று தெற்கே பெருகும். 1 காசுமீரத்தில் உள்ளது. 87 இராமேசுவரத்தை அடைகின்றது. மூவிலக்க எண்ணாயின் அது கிளைச்சாலை. இறுதி ஈரிலக்கமே தாய்ச்சாலையைக் காட்டும். திண்டிவனத்தினின்று விழுப்புரம் செல்லும் 132, 32-இன் கிளை. முன்னாளில் 45ஏ, 45பி என எழுத்துச் சேர்த்துக் கிளைகளைக் குறித்தனர். பகுதியும் விகுதியும் பிரித்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இஃது ஓர் எளிய பாடமே.

தொலைவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் அளவை வந்தபின், மைலும் பர்லாங்கும் படிப்படியே மறைந்தன; 'மைல்கல்' என்னும் சொல் மட்டும் எஞ்சிற்று. இரு கிலோமீட்டர்க் கற்களுக்கு இடையே 2, 4, 6, 8 எனச் சிறு கற்கள் நிற்பதைக் காணலாம். அவை இருநூறு மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டவை. 6 என்பது அறுநூறு மீட்டர் என்றறிக.

இனி, சிறுபாலத்து எண். 14/3 என்று ஒரு கைப்பிடிச் சுவரில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். யான் இதனை நெடுநாள் ஏதோ தேதியென்றே நினைத்திருந்தேன். சாலையின் பதினான்காம் கிலோமீட்டரில் உள்ள மூன்றாம் பாலம் என்பதே அதன் பொருள். பின்னத்தின் மேலெண் கிலோமீட்டர். கீழெண் அதனுள் வரிசை. இதில் என்ன பயன் எனின், பாலம் என்பது நீரின் வழி. சாலை போட்டவன், 'இவ்விடத்தில் நீர் குறுக்கே செல்லும்' எனக் கண்டு அதற்கு வழிவிட்டு, அவ்வழிக்கு ஓர் எண்ணும் இட்டு வைத்தான். ஒரு கிலோமீட்டருக்குள் நான்கைந்து எண்கள் நெருங்கி வருமாயின், அந்நிலம் நீர் நிறைந்த நிலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

எங்கள் மேடவாக்கம் அத்தகைய நிலமே. சுற்றிலும் ஏரிகள், அவற்றின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து கடலுக்குச் செல்லும். அச்சதுப்பு 2022-இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் நீர் வீடுகளுட் புகுந்தமை யாவரும் அறிந்ததே. நீர் புதுவழி தேடிற்று என்று அப்போது பலர் கூறினர். அது தேடியது பழைய வழியையே. அவ்வழிக்கு எண்ணும் இருந்தது.

இக்கட்டுரை எழுதுமுன் மேடவாக்கத்தினின்று வேங்கைவாசல், சேலையூர் வழியாகத் தாம்பரம்வரை ஒரு காலைப்பொழுது நடந்தேன். சாலை அகலப்படுத்தப்பட்டதால் சுவர்கள் பல இல்லை. நின்ற சிலவற்றின்மேல் விளம்பரத்தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஓரிடத்தில் தாளின் கிழிசலூடே சாய்கோடும் அதன் கீழ் 2 என்னும் எண்ணும் தெரிந்தன. மேலெண்ணைக் காண எண்ணித் தாளை அகற்றினேன். காரை பெயர்ந்து போயிருந்தது. சுவருக்கு அப்பால் குனிந்து பார்த்தேன். பாலத்தின் வாய் மண்ணால் முக்காற்பங்கு அடைபட்டிருந்தது; எஞ்சிய சிறு திறப்பின் வழியே, முந்தின இரவு பெய்த மழைநீர் ஓடிக்கொண்டிருந்தது.