பேராசிரியரின் பணிநிறைவை எது தீர்மானிக்கிறது?

பல்கலைக்கழக ஊழியர்களின் பணிநிறைவை, அதாவது வேலையில் கிடைக்கும் மனநிறைவை, அளக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் வயது, பாலினம், அனுபவம், கல்வித்தகுதி ஆகியவற்றைக் கேட்கின்றன. இவற்றுக்கும் மனநிறைவுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தில்லி பல்கலைக்கழகம் தெளிவாகக் காட்டுகிறது.

வயது

கிளார்க், ஆஸ்வால்ட், வார் ஆகிய ஆய்வாளர்கள் 5,000 பேருக்கு மேற்பட்ட பிரிட்டன் ஊழியர்களை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளவயதில் இருக்கும் நிறைவு இடையில் சரிந்து, பின்னர் ஏறுகிறது என்றது அது. தில்லியில் அத்தகைய சரிவுக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே ஆயிரக்கணக்கானோர் ‘அட்ஹாக்’ (தற்காலிக) ஆசிரியர்களாகவே தங்கள் முப்பதுகளைக் கழித்தார்கள். நான்கு மாத நியமனம், ஒரு நாள் இடைவெளி, மறுபடியும் நியமனம் என்று சிலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கோ 57,700 ரூபாய் தொடக்க அடிப்படை ஊதியம், பதவி உயர்வு, 65 வயதுவரை வேலை.

காலியிடங்களில் அட்ஹாக் ஆசிரியர்களுக்குப் பதிலாக விருந்தினர் ஆசிரியர்களை அமர்த்தும்படி 2019 ஆகஸ்ட் 28இல் கல்லூரிகளுக்குக் கடிதம் போனது. அதை எதிர்த்து டிசம்பரில் ஆசிரியர்கள் துணைவேந்தர் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். 2022 முதல் நிரந்தர நியமனங்கள் வேகமெடுத்தன. பலர் நிரந்தரமானார்கள், பல ஆண்டுகள் பாடம் நடத்திய சிலர் வெளியேற நேர்ந்தது.

பாலினம்

பிரிட்டனில் பெண்களே கூடுதல் பணிநிறைவைத் தெரிவிக்கிறார்கள் என்று கண்ட கிளார்க், அவர்களின் எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதே காரணமாகலாம் என்று 1997இல் எழுதினார். இளம் பெண்களிடமும் உயர்கல்வி பெற்ற பெண்களிடமும் அந்த வேறுபாடு இல்லை. ஆகவே, நிறைவு என்று பதிவாகும் எல்லாமே நல்ல வேலையின் அடையாளம் ஆகாது. தில்லி பல்கலைக்கழகத்தில் அட்ஹாக் பெண் ஆசிரியர்களுக்கு 2021 வரை ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு உறுதியாக இல்லை. குழந்தை பெறுவதும் வேலையைக் காப்பதும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் குறையும் நிறைவைப் பாலினத்தின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

என்ன செய்யலாம்?

வயதும் பாலினமும் தாமாக நிறைவைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. யாருக்கு எந்த நிபந்தனையில் வேலை கிடைக்கிறது என்பதன் வழியாகவே அவை பெரிதும் செயல்படுகின்றன. ஆசிரியரல்லாத ஒப்பந்த ஊழியர்களுக்கும், தமிழக அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் இது பொருந்தும். எனவே ஆய்வுப் படிவங்களின் முதல் கேள்வி, “உங்கள் வேலை நிரந்தரமா?” என்பதாக இருக்கட்டும். ‘இல்லை’ என்று வரும் பதில்களைக் குறைக்கும் பொறுப்பை நிர்வாகங்களும் அரசுகளும் ஏற்க வேண்டும்.