சீம்பாலில் வரும் புழு

பேரிங் சமுத்திரத்தின் நடுவே, கோடையிலும் மூடுபனி விலகாத செயின்ட் பால் தீவின் கரைகளில், ஜூன் மாதக் கடைசியிலும் ஜூலையிலும் உரோமக் கடல்நாய்கள் கூட்டங்கூட்டமாகக் கரையேறிக் கரிய குட்டிகளை ஈனுகின்றன. ரஷ்ய மாலுமி பிரிபிலோவ் 1786இல் கண்டு, 1867இல் அலாஸ்காவோடு சேர்ந்து அமெரிக்கர் வசமான தீவுக் கூட்டம் இது. அங்கே போனவர்களின் கண்ணெல்லாம் நெடுங்காலம் தோலின் மேலேயே இருந்தது. தோலுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கத் தலைப்பட்டவர்களுள், 1896இல் அத்தீவுக்குச் சென்ற பிரெடரிக் லூக்காஸ் முதன்மையானவர். மாண்டுகிடந்த குட்டிகளின் சிறுகுடலில் அவர் கண்டது கொக்கிப்புழு. 1901இல் ஸ்டைல்ஸ் என்னும் விஞ்ஞானி அதற்குச் சாஸ்திரப் பெயரிட்டபோது லூக்காஸின் பெயரையே சூட்டினார். ஒரு புழுவால் வரும் கீர்த்தியும் கீர்த்திதானே!

செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களின் பாதத்தைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழுவை நாம் அறிவோம். இது அதன் உறவுதான். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு உதிரத்தை உறிஞ்சும். கவ்விய இடம் புண்ணாகிக் கசியும். தாய் இரைதேடக் கடலுக்குப் போய்விட, பால் வரும் நாளுக்காகக் காத்துக் கிடக்கும் குட்டி சோகை பற்றி, ஈறு வெளுத்து, தளர்ந்து விழும். இவ்வளவில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் வளர்ந்த கடல்நாய் எதன் குடலிலும் இப்புழு அகப்படவில்லை. பிறந்து இரண்டு மூன்று வாரமே ஆன குட்டியிலோ அது முதிர்ந்து முட்டையிட்டுக் கொண்டிருந்தது. அப்படியானால் அது வந்த வழி எது?

ஆல்சன், லையன்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பல கோடைகளை அத்தீவிலே கழித்துக் கண்டறிந்து, 1965இல் விரிவாக வெளியிட்ட விடை ஆச்சரியமானது. குட்டியின் மலத்தோடு மண்ணில் விழும் முட்டையிலிருந்து வரும் நுண்புழு, கடல்நாயின் துடுப்புத் தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. ஆனால் குடலை நாடுவதில்லை. தோலடிக் கொழுப்பில் புகுந்து, வளராமலும் சாகாமலும், ஒரு தவசியைப் போல அடங்கிக் கிடக்கிறது. ஆணின் உடலில் புகுந்தவற்றுக்கு அதுவே முடிவு. பெண்ணின் உடலில் இருப்பவையோ, பிரசவ காலம் நெருங்கியதும் விழித்தெழுந்து மடியை அடைந்து, குட்டி பருகும் சீம்பாலில் கலந்து இறங்குகின்றன. சில நாட்களுக்குள் பாலில் புழு அற்றுப்போகிறது. அந்தச் சில நாட்களே அதற்குப் போதும். குட்டி பிழைத்துக்கொண்டால், சில மாதங்களில் குடற்புழுக்கள் தாமாகவே கழிந்துவிடுகின்றன.

பாறைக் கரையைவிட மணற்கரையில் நோய் மிகுதி. நுண்புழு ஈரமணலில் பிழைத்திருக்கும், வெறும் பாறையில் பிழைக்காது. நோய் பரவக் கூட்டத்தின் நெருக்கமும் வேண்டும். 1956 முதல் 1968 வரை பெண் கடல்நாய்களையும் தோலுக்காகக் கொன்றதை அடுத்துக் கூட்டம் மெலிந்தது. பிறகும் அது தேறவில்லை. கலிபோர்னியாவின் சான் மிகேல் தீவு மணலில் இன்னும் இந்நோய் குட்டிகளை வாட்டுகிறது. செயின்ட் பாலிலோ, பல பத்தாண்டுகள் கழித்து லையன்ஸ் மீண்டும் குட்டிகளைச் சோதித்தபோது, தம் இளமையில் குடல்தோறும் கண்ட புழு ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது.