எதிர்காற்றில் ஒரு சைக்கிள் பயணம்!
கரிசல் காட்டிலிருந்து மலையடிவாரம் வரை

விடியற்காலை ஐந்து மணி. கோவில்பட்டிக் கடைத்தெரு இன்னும் விழிக்கவில்லை. மேற்கே மலையைப் பார்க்கச் சைக்கிளில் புறப்படுகிறவர் முதலில் செய்யும் வேலை என்ன? டயரை அமுக்கிப் பார்ப்பதா? பெல்லை அடித்துப் பார்ப்பதா? அதெல்லாம் பிறகு. முதல் வேலை, பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதுதான்!

தண்ணீரின் அருமையைக் கரிசல் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாட்டில் தண்ணீர் எங்கே பிறந்தது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். மூன்று நாள் சைக்கிள் மிதித்தால் அதற்கு விடை கிடைத்துவிடும்.

பத்திரிகை நடத்திய பந்தயம்

ஆற்றோரமாகவும் மலையடிவாரமாகவும் சைக்கிளில் போவதற்குப் பேர் பெற்ற நாடு பிரான்சு. அங்கே 1903-ம் ஆண்டில் "லோட்டோ" என்ற பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்க ஒரு வழி கண்டுபிடித்தது. நாட்டைச் சுற்றிச் சைக்கிள் பந்தயம்! மொத்தம் 2,428 கிலோ மீட்டர். 60 பேர் புறப்பட்டார்கள். கடைசி வரை வந்து சேர்ந்தவர்கள் 21 பேர்தான். வென்றவர் மாரிஸ் காரின். இளமையில் புகைக்கூண்டு துடைத்துப் பிழைத்தவர் அவர். உலகப் போர்களின்போது நின்றுபோனாலும், "டூர் டி பிரான்ஸ்" என்ற அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது.

1913-ம் ஆண்டுப் பந்தயத்தில் ஒரு சம்பவம். பிரனீஸ் மலைத்தொடரில் டூர்மாலே என்ற கணவாய் இருக்கிறது. உயரம் 2,115 மீட்டர். அங்கே யூஜின் கிறிஸ்டோப் என்ற வீரரின் சைக்கிளில், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கு முறிந்துவிட்டது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது பந்தய விதி. அவர் என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் நடந்தார். ஒரு கிராமத்துக் கொல்லன் உலையில், தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரி செய்தார். ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அது பிறர் உதவி என்று சொல்லி அவருக்குத் தண்டனை நேரம் விதித்தார்கள்!

தோளில் ஏறும் சைக்கிள்

சைக்கிளைத் தோளில் சுமப்பது கரிசல்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்த மறுநாள் வண்டிப்பாதையில் சைக்கிளை உருட்டினால் களிமண் டயரில் அப்பிக்கொள்ளும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். பத்தடி போனால் மறுபடியும் அதே கதை. கடைசியில், மனிதரைச் சுமக்க வேண்டிய சைக்கிள் மனிதர் தோளில் ஏறிக்கொள்ளும்!

இன்று பெரும்பாலான ஊர்களுக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. ஆனால் சீமைக்கருவேல முள் எங்கும் போய்விடவில்லை. ஆகவே பஞ்சர் ஒட்டும் பசை, ரப்பர் துண்டு, உப்புத்தாள், பம்பு நான்கும் பையில் இருக்க வேண்டும். கூடவே கடலை மிட்டாய். நிலக்கடலையும் வெல்லமும் மிதிக்கிறவருக்கு நல்ல தெம்பு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

முதல் நாள்: அம்மியும் பறக்கும் காற்று

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி வழியாகக் குற்றாலம் ஏறக்குறைய 90 கிலோ மீட்டர். ஏற்றம் அதிகமில்லை. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் திறந்த வெளி. நிழல் குறைவு.

சுமார் 20 கிலோ மீட்டரில் கழுகுமலை. சைக்கிளைச் சாத்திவிட்டு வெட்டுவான் கோவிலைப் பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கோவில் அது. அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் கிளம்பியவருக்கு, வெயில் ஏற ஏறச் சோதனை தொடங்கும். மேற்கேயிருந்து காற்று முகத்தில் அறையும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதன் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சமதரையிலும் மலை ஏறுவது போல் மூச்சு வாங்கும். இரண்டு மூன்று பேராகப் போனால் ஒருவர் பின் ஒருவராக ஓட்டலாம். முன்னே போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்வார். பின்னே வருகிறவருக்கு உழைப்பு குறையும். பிறகு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். பிரான்சுப் பந்தய வீரர்களின் தந்திரமும் இதுதான்.

காற்று அங்கே, மழை இங்கே!

தென்காசி நெருங்கும்போது ஓர் அதிசயம். அதே காற்று குளிர்ந்து வீசும். முகத்தில் பூப்போலச் சாரல் விழும். எதிரே மலை நீலமாக எழுந்து நிற்கும். சாலை ஓரத்தில் வயலும் தென்னையும்!

காரணம் இதுதான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நீரைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கேரளத்துப் பக்கமே பெரும்பாலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கம் வழிந்து வரும் மிச்சம்தான் குற்றாலச் சாரல். அதையும் தாண்டிக் கிழக்கே போகும் காற்றில் ஈரம் இல்லை. கோவில்பட்டிக்கு வருவது வெறும் காற்றுதான். அங்கே மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்து மறந்தவர்கள் உண்டு. காலால் மிதித்துப் படித்தவர்கள் மறப்பதில்லை.

இரண்டாம் நாள்: மலையோரச் சாலை

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் தெற்கே திரும்பினால், வலக்கைப் பக்கம் மலை கூடவே வரும். வழியில் கடையம். எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியாருக்கு இது மாமனார் ஊர். செல்லம்மாள் பிறந்த ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியார் இங்கே வாழ்ந்தார். கரிசல் காட்டில் பிறந்தவருக்கு இந்தப் பச்சை வயல்கள் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சைக்கிளில் வந்தவர் எளிதில் ஊகிக்கலாம்.

அன்று மாலை பாபநாசம். பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி, தரையில் கால் வைக்கும் இடம். மலைக்காட்டின் பெரும்பகுதி, 1988-ல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஆற்றுக்குக் கொடுப்பது அந்தக் காடுதான்.

மூன்றாம் நாள்: விடை கிடைத்தது

ஆடிக் காற்று இப்போது முதுகைத் தள்ளும். மிதிக்காமலே சைக்கிள் ஓடுவது போலிருக்கும்! கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி, பாய்க்குப் பேர் போன பத்தமடை வழியாகத் திருநெல்வேலி. அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே சீவலப்பேரி. இங்கேதான், குற்றாலத்தில் அருவியாக விழுந்த சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிறது.

கோவில்பட்டி நகரத்துக்குக் குழாயில் குடிநீர் போவது இந்தச் சீவலப்பேரியிலிருந்துதான்! முதல் நாள் விடியற்காலையில் பாட்டிலில் பிடித்தது இந்தத் தண்ணீர்தான். முகத்தில் அறைந்த அதே காற்று மலையில் இறக்கிவிட்டுப் போன தண்ணீர்!

கரிசலுக்கு மேகம் கொடுக்காததை ஆறு கொடுக்கிறது. மலையில் மரம் குறைந்தாலும், வழியில் ஆற்றைச் சாக்கடையாக்கினாலும், அதன் பலனைக் கடைசியில் குடிக்கப் போவது கோவில்பட்டி வீட்டுக் குழந்தைதான்.

வீடு திரும்பும் வழி

சீவலப்பேரியிலிருந்து திரும்பும்போது கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர். சுற்றிலும் காற்றாலைகள் சுழன்று மின்சாரம் தருகின்றன. மழை தராத காற்று இந்த உபகாரமாவது செய்கிறது! இது நான்கு வழிச்சாலை. லாரிகளும் பஸ்களும் பறக்கும். இடது ஓரத்தை விடக்கூடாது. இருட்டுமுன் வீடு சேர வேண்டும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் ஆடியில் கிளம்ப வேண்டாம். மார்கழி, தை மாதங்கள் நல்லவை. வெயில் குறைவு. மேல்காற்றும் இராது. அருவி மட்டும் மெலிந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கும்போது, இனி அது வெறும் குழாய்த் தண்ணீராகத் தோன்றாது.